வேலைக்காரி கையில் ஒரு தாள்

தலைவர் அவர்களே, அறிமுக உரை தந்த பேராசிரியர் அம்மா அவர்களே, இந்த மழையிலும் நாற்காலி போட்டுக் கூட்டம் சேர்த்த வாசகர் வட்டத்து நண்பர்களே, நாலு வீட்டு வேலையை முடித்துவிட்டு நேராக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்காமார்களே, வணக்கம். மூன்று விஷயம் பேச வந்தேன்: இங்கிலாந்தின் பழைய வேலைக்காரர் சட்டம், அது கடல் தாண்டி நம் பக்கம் வந்த கதை, அப்புறம் பிரான்சு நிலைமை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார் என் பாட்டி. அதையே சட்டமாக்கியது போல 1563இல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் ஒன்று வந்தது. 12 முதல் 40 வயதுக்குள் இருக்கும் கல்யாணமாகாத பெண்ணை வேலைக்குப் போ என்று அதிகாரிகள் கட்டாயப்படுத்தலாம்; மறுத்தால், சம்மதிக்கும் வரை காவல். கூலியை நிர்ணயித்தவர்கள் உள்ளூர் நீதிபதிகள், அதாவது பெரும்பாலும் வீடு நிறைய ஆள் வைத்திருந்த நிலக்கிழார்கள். அதற்கு மேல் கூலி கொடுத்தவருக்கு 10 நாள் சிறை, 5 பவுண்ட் அபராதம். வாங்கியவருக்கோ 21 நாள் சிறை.

ஆள் பிடித்தது எப்படித் தெரியுமா? சந்தையில்! பல ஊர்களில் செப்டம்பர் கடைசியில், சில இடங்களில் நவம்பர் 11ஐ ஒட்டி, ஊர்த் திடலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், ஆட்டிடையன் தொப்பியில் கம்பளி மயிர், வண்டிக்காரன் சட்டையில் சாட்டைக் கயிறு, வீட்டுவேலைப் பெண் கையில் துடைப்பம், பார்க்கிறவருக்கு யார் என்ன வேலை என்று சட்டெனத் தெரியட்டும் என்று. எஜமான் வந்து மேலும் கீழும் பார்த்து நாலு கேள்வி கேட்டு உள்ளங்கையில் ஒரு காசை வைப்பார், நம்ம அச்சாரம் மாதிரி, அதை வாங்கி மூடினால் ஒரு வருஷத்துக்குக் கட்டுப்பட்டாச்சு. நடுவில் கிளம்பினால் சம்பளம் போச்சு. பழைய எஜமான் தந்த சான்றுத் தாள் இல்லாமல் அடுத்த ஊரில் வேலை கிடையாது; பிடிபட்டு 21 நாளுக்குள் தாளைக் காட்டாவிட்டால் சாட்டையடி.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம் சனம் பட்ட 'துண்டு' முறை நினைவுக்கு வருகிறதா? கடன் கணக்கெழுதிய அந்தத் தாள் இல்லாமல் தோட்டம் மாற முடியாது. 1921இல்தான் ஒழிந்தது. சென்னையிலும் முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டால் சிறைக்கு அனுப்ப 1859 சட்டம் வழிசெய்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது!

ஆனால் அந்த 1563 சட்டத்திலேயே ஒன்று இருந்தது: வருஷ வேலைக்காரரை நிறுத்த மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். எங்கள் தெருவில் 11 வருஷம் பாத்திரம் தேய்த்த ஒரு அம்மாவை, போன மாசம் ஒரு போன் பேச்சில் நிறுத்திவிட்டார்கள். பாக்கிச் சம்பளம்கூட இல்லை.

வீட்டுவேலைத் தொழிலாளருக்கான, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் ஒப்பந்தம், 2011இல் நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. நாங்கள் கேட்பது ஒரு தாள்: சம்பளம், வார விடுமுறை, முன்னறிவிப்பு, மூன்றும் எழுதி, இரண்டு பேர் கையெழுத்தோடு. பிரான்சுக்கு இன்று நேரமில்லை. மனு வாசல் மேஜையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத அக்காமார்களுக்கு மைப்பெட்டியும் உண்டு.