எம்.எஸ். நோயில் மரபணுவின் பங்கு: உதகை உரை

அன்பர்களே, நீலகிரியில் மரபணு என்றதும் பலருக்கும் சிக்கிள் செல் சோகைதான் நினைவுக்கு வரும். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல், இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். அங்கே கணக்கு நேரானது. ஒரே மரபணுவில் ஒரு பிழை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற எம்.எஸ்.ஸுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பல குடும்பங்கள் வீணாக அஞ்சுகின்றன. இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால், அச்சு அசலாக அதே மரபணுக்கள் உள்ள மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான்.

நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறையை நம் தற்காப்பு அணுக்களே தாக்குவதுதான் எம்.எஸ். 2019-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு, 47,000-க்கும் அதிகமான நோயாளிகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்து 233 மரபணுத் தொடர்புகளைக் கண்டது. பெரும்பாலானவை புரதத்தின் வடிவத்தை மாற்றுவதில்லை. மரபணு எந்த அணுவில் எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கூட்டிக் குறைக்கின்றன. அவை செயல்படும் இடம் டி செல், பி செல், என்.கே. செல் ஆகிய தற்காப்பு அணுக்கள், மூளைக்குள் அதே வேலை பார்க்கும் மைக்ரோக்ளியா. நரம்பு அணுவான நியூரான் அந்த வரிசையில் முன்னால் இல்லை.

இவற்றில் பெரியது ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1*15:01 என்ற மரபணு வகை. அது இருந்தால் ஆபத்து சுமார் மூன்று மடங்கு. கிருமியின் துண்டை டி செல்லுக்கு ஏந்திக் காட்டும் தட்டு இது. கெடுவாய்ப்பாக, மையலின் புரதத்தின் ஒரு துண்டும் அதில் நன்றாகப் பொருந்திவிடுகிறது.

டி செல்லுக்குச் செய்தி வாங்கித் தரும் ஏற்பி என்ற புரதத்தைச் செய்யும் ஐ.எல்.7.ஆர். மரபணுவின் கதை இன்னும் நுட்பமானது. அதன் டி.என்.ஏ.வில் ஆபத்தான எழுத்து இருந்தால், மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும்போது ஆறாம் எக்ஸான் என்ற துண்டு அடிக்கடி விடுபடுகிறது. ஏற்பியை டி செல்லின் சவ்வில் பிடித்து வைக்கும் பகுதி அதில்தான் இருக்கிறது. அது போனதும் ஏற்பி ரத்தத்தில் மிதக்கிறது.

அழற்சியைத் தூண்டும் புரதமான டி.என்.எஃபின் ஏற்பி மரபணுவிலும் இப்படியே ஓர் எக்ஸான் விடுபடுகிறது. மிதக்கும் அந்த ஏற்பி டி.என்.எஃபைத் தடுக்கிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் எட்டனர்செப்ட், அடலிமுமாப் மருந்துகள் செய்வதும் அதையேதான்! டி.என்.எஃபைத் தடுத்தால் எம்.எஸ். மோசமாகும் என்பதை மருந்துச் சோதனைகள் முன்பே காட்டிவிட்டன. காரணத்தை மரபணு பின்னால் சொன்னது. ஆகவே மூட்டுவாதமோ சொரியாசிஸோ உள்ள எம்.எஸ். நோயாளி, இந்த ஊசிகளுக்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

எச்.எல்.ஏ. பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். 15:01 உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எம்.எஸ். வருவதே இல்லை, நோயாளிகளில் பலரிடம் அது இல்லை. எம்.ஆர்.ஐ.யும் தண்டுவட நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் என்ற ஆன்டிபாடித் தடங்களும்தான் நோயைக் காட்டும். பார்வை நரம்பும் தண்டுவடமும் கடுமையாகத் தாக்கப்பட்டிருந்தால் அக்வாபோரின்-4, மாக் ஆன்டிபாடிகளைப் பாருங்கள். இப்படித் தாக்கும் வேறொரு நோயான என்.எம்.ஓ.வை எம்.எஸ். என்று நினைத்து, எம்.எஸ். மருந்தான இன்டர்ஃபெரானைக் கொடுத்தால் அது மோசமாகும்.

மேற்பரப்பில் சி.டி.20 என்ற புரதம் உள்ள பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப், ஓக்ரெலிசுமாப் ஊசிகள் இன்று நன்றாகப் பலன் தருகின்றன. பி செல்லிலிருந்து உருவாகி ஆன்டிபாடி சுரக்கும் பிளாஸ்மா செல்லில் சி.டி.20 இல்லை, அது தப்பிவிடுகிறது. இருந்தும் புதிய தாக்குதல்கள் சீக்கிரமே குறைகின்றன. பி செல்லின் குற்றம் ஆன்டிபாடி மட்டுமல்ல, டி செல்லைத் தூண்டிவிடுவதும்தான் என்பதற்கு இது வலுவான சான்று. ஊசிக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனையை விடாதீர்கள். ஈரலில் உறங்கும் வைரஸ், பி செல் போனதும் விழித்துக்கொள்ளும். தடுப்பூசிகளையும் முன்பே போட்டுவிடுங்கள். பி செல் இல்லாத உடலில் அவை சரியாகப் பிடிக்காது.