பஸ் கம்பி பிடித்த கை

வணக்கம் மக்களே. இப்போதுதான் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். வழியெல்லாம் மேலே இருக்கிற கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். இந்த உள்ளங்கையை மோந்து பார்த்தால் ஒரு இரும்பு வாடை வருகிறது. கேமராவில் அதைக் காட்ட முடியாது. ஆனால் பஸ்ஸில் போகிற யாருக்கும் தெரிந்த வாடைதான். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். மல்லிகைப்பூ பிடிக்கும், ஃபில்டர் காபி பிடிக்கும் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பஸ் கம்பி வாடை பிடிக்கும் என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்படி வெளியே சொல்லத் தயங்குகிற சில மணங்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

எங்கள் அப்பா கண்டக்டராக இருந்தவர். கடைசி ட்ரிப் முடித்து, வசூலை டிப்போவில் கட்டிவிட்டு வீடு வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். கை கால் கழுவுவதற்கு முன்னாலேயே வந்து என் கன்னத்தைக் கிள்ளுவார். நாள் முழுக்கச் சில்லறை எண்ணிய விரல், கம்பி பிடித்த விரல், டிக்கெட் கிழித்துக் கிழித்து மையேறிய கட்டைவிரல். கண்ணைத் திறக்காமலேயே அப்பா வந்துவிட்டார் என்று தெரிந்துவிடும்.

இந்த வாடையைப் பற்றி 2006-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. இரும்பு சாதாரணச் சூட்டில் ஆவியாகி நம் மூக்குக்கு வராது. ஈரமான தோல் இரும்பைத் தொடும்போது, தோலில் இருக்கிற எண்ணெய்ப்பசை உடைந்து வேறு சில பொருள்களாக மாறுகிறது. அதில் முக்கியமானது 1-ஆக்டென்-3-ஓன். காளானின் மணத்திலும் இருக்கிற அதே பொருள். அதாவது நாம் இரும்பு வாடை என்று சொல்வது, இரும்பு பட்டதால் நம் உடம்பிலிருந்தே கிளம்புகிற வாடை. இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ்ஸின் வாடை என்று நான் நினைத்திருந்தது அப்பாவின் வாடையேதான்.

சரி, அடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுகிறதைச் சொல்லவில்லை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு. முப்பது வயது தாண்டிய கிராமத்து ஆட்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வாசலில் ஒரு பழைய டிரம்மில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீரை ஊற்றுவார்கள். முதலில் ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரத்தில் கல் ஒவ்வொன்றாக வெடித்து, அடுப்பே இல்லாமல் டிரம் முழுக்கத் தளதளவென்று கொதிக்கும். ஆவி மேலே எழும்பும். கண்ணில் தெறித்துவிடும் என்று பிள்ளைகளை எட்ட நிற்கச் சொல்லிப் பெரியவர்கள் கத்துவார்கள். நாங்கள் எட்டத்தான் நிற்போம், ஆனால் காற்று அடிக்கிற பக்கமாகப் பார்த்து நிற்போம்.

ஆறியதும் துணியில் வடிகட்டி, கொஞ்சம் நீலமும் கஞ்சித் தண்ணீரும் கலந்து அடிப்பார்கள். அடித்த உடனே சுவர் மங்கலாக, அழுக்கு மாதிரிதான் இருக்கும். காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். அந்தக் காய்கிற நேரம் இருக்கிறதே, அதில் வீட்டுக்குள் ஒரு மணம் நிற்கும். குளிர்ச்சியாக, தொண்டையில் லேசாகப் பிடிக்கிற மாதிரி. வேதியியல் புத்தகத்தைப் பார்த்தால் சுத்தமான சுண்ணாம்புக்கு மணமே இல்லை என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த மணம், ஒரு வருடப் புகையும் தூசியும் குடித்த பழைய சுவர் நனைந்ததால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். புதுச்சுவரில் சுண்ணாம்பு அடித்தபோது எனக்கு அந்த மணம் வரவே இல்லை. எமல்ஷன் பெயின்ட் எவ்வளவு அடித்தாலும் அது வராது.

மழை பெய்தால் வருகிற மண்வாசனையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்கிற பொருள். மண்ணில் வாழ்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தராகவே விற்கிறார்கள்.

இந்த மணங்கள் ஏன் இப்படிப் பழசையெல்லாம் இழுத்து வருகின்றன? பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தாலமஸ் என்கிற இடத்தைக் கடந்துதான் மற்ற பகுதிகளுக்குப் போகும். மணம் மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் பொறுப்பான பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகவே போய்விடுகிறது. அதனால்தான் யார், எந்த வருடம் என்று பிடிபடுவதற்கு முன்னாலேயே நெஞ்சு அடைத்துக்கொள்கிறது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். பெட்ரோல் வாடை பிடிக்கும் என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். பங்க்கில் தானாக வருவதோடு விட்டுவிடுங்கள், மோந்து பார்க்காதீர்கள். அதில் இருக்கிற பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். டிரங்குப் பெட்டியில் பாட்டியின் பட்டுப்புடவையோடு வருகிற அந்துருண்டை வாடை எனக்கும் உயிர்தான். ஆனால் அந்தத் துணியை எடுத்த கையோடு கைக்குழந்தைக்குச் சுற்றாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு அந்துருண்டையில் இருக்கிற நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்த பிறகு சுற்றுங்கள்.

பொங்கலுக்கு முன்னால் பெரியம்மா வீட்டில் மாட்டுக்கொட்டகைக்கும் பின்கட்டுக்கும் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். கல் வாங்கி வைத்துவிட்டேன் என்று பெரியப்பா போன் செய்தார். கேமராவோடு போகிறேன். மணத்தை எடுத்துவர வழியில்லை, அதனால் டிரம் கொதிக்கிற சத்தத்தை வெட்டாமல் முழுசாகப் போடுகிறேன். பொங்கல் வாரத்தில் பார்க்கலாம் மக்களே.