பிரெஞ்சுக் குடியிருப்பு அட்டை ஊரில் தொலைந்தால்: காவல் நிலையப் புகார் முதல் திரும்பும் விசா வரை

வணக்கம். பிரான்சில் வாழும் இந்தியக் குடிமக்கள் விடுமுறைக்காகப் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ வந்திருக்கும்போது, அந்நாட்டு அரசு வழங்கிய குடியிருப்பு அட்டை, அதாவது நம்மவர்கள் கார்த் தெ செழூர் என்று சொல்லும் அட்டை, தொலைந்துபோனாலோ திருடப்பட்டாலோ என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த வீடியோவில் விளக்குகிறோம்.

[திரையில்: புதுச்சேரிக் கடற்கரைச் சாலை, பிரெஞ்சுத் துணைத் தூதரகம்]

இந்தச் சிக்கல் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறோம். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, இங்கிருந்த மக்களில் ஒரு பகுதியினர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் பலர் இன்றும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குடியிருப்பு அட்டை என்று ஒன்று கிடையாது. ஆனால் கணவர் பிரெஞ்சுக் குடிமகனாகவும், திருமணமாகிச் சென்ற மனைவி இந்தியக் கடவுச்சீட்டோடும் இருக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அப்படிப்பட்ட வீட்டில் கணவருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை மனைவிக்கு உதவாது. நாம் பேசப்போவது இந்தியக் கடவுச்சீட்டும் பிரெஞ்சு அட்டையும் உள்ளவர்களைப் பற்றித்தான்.

அட்டை தொலைந்தவுடன் பலர் அஞ்சுவதுபோல, பிரான்சில் வாழும் உரிமை அதோடு போய்விடுவதில்லை. அந்த உரிமை பிரான்சில் உங்கள் மாவட்டத்தின் பிரெஃபெக்சர் எனப்படும் அரசு நிர்வாக அலுவலகத்தின் கோப்பிலும், பிரெஞ்சு உள்துறை அமைச்சகத்தின் கணினிப் பதிவிலும், உங்களுக்கென ஒதுக்கப்பட்ட 10 இலக்க வெளிநாட்டவர் எண்ணோடு அப்படியே இருக்கிறது. உங்கள் கையை விட்டுப் போனது அதற்கான சான்று மட்டுமே. எனவே நீங்கள் செய்ய வேண்டிய வேலை முழுவதும், அந்த உரிமை உங்களுடையதுதான் என்பதை ஒவ்வொரு மேசையிலும் காகிதத்தால் காட்டுவதுதான். அதில் முதல் காகிதம் காவல் நிலையத்தில் கிடைக்கிறது.

[திரையில்: கடலூர்–புதுச்சேரி சாலை வரைபடம், முள்ளோடை எல்லை]

இந்த முதல் படியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலானோர் இங்கேதான் அலைக்கழிக்கப்படுகிறார்கள். கடலூரில் பேருந்து ஏறி, புதுச்சேரி வந்து இறங்கியபின் கைப்பையின் ஜிப் திறந்திருப்பதைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சாலை தமிழ்நாட்டில் தொடங்கி, முள்ளோடையில் எல்லை கடந்து, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கு வருகிறது. அட்டை இருந்த பர்ஸ் எந்த இடத்தில் போனது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. "இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை, அங்கே போய்க் கொடுங்கள்" என்ற பதில் வரக்கூடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவலை, அது எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் தகவல் கொடுத்தவருக்குக் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இதைப் பணிவோடும் உறுதியோடும் எடுத்துச் சொல்லுங்கள்.

திருட்டு என்றால் முதல் தகவல் அறிக்கை. தானாகத் தொலைந்தது என்றால் அது குற்றமாகாது. அதற்கு மனு ஏற்புச் சீட்டு, அதாவது சி.எஸ்.ஆர்., தருவார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கையைப் பெற்றுக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் அது நீங்களே தரும் அறிவிப்பேயன்றி, காவல்துறை விசாரித்துத் தரும் சான்று அன்று. ஆகவே நேரில் சென்று முத்திரையும் கையொப்பமும் உள்ள காகிதத்தைப் பெறுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. எது நடந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள். திருட்டு என்றால் விரைவில் வேலை நடக்கும் என்று எண்ணித் தொலைந்ததைத் திருட்டாக்கிவிடாதீர்கள்; நீங்கள் இங்கே எழுதிக் கொடுப்பதும், பின்னர் துணைத் தூதரகத்திலும் பிரெஃபெக்சரிலும் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

[திரையில்: புகார் மனுவின் மாதிரி]

"அடையாள அட்டை தொலைந்துவிட்டது" என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அதை ஆதார் என்றே எடுத்துக்கொள்வார். இப்படி எழுதுங்கள்: "பிரெஞ்சுக் குடியரசு எனக்கு வழங்கிய குடியிருப்பு அனுமதி அட்டை, அதன் எண் இது, என் வெளிநாட்டவர் எண் இது, இந்திய கடவுச்சீட்டு எண் இது, இன்ன தேதியில் இன்ன இடத்திற்கும் இன்ன இடத்திற்கும் இடையே பேருந்துப் பயணத்தின்போது திருடப்பட்டது." மனுவைத் தமிழோடு ஆங்கிலத்திலும் கொடுங்கள். அறிக்கை தமிழில் மட்டுமே கிடைத்தால், அதை முறையாக மொழிபெயர்த்துச் சான்றுபெற வேண்டியிருக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை.

கடவுச்சீட்டும் சேர்ந்து போயிருந்தால், அதைப் புதிதாகப் பெற்ற பின்னரே மற்றவை நகரும், ஏனெனில் விசா ஒட்டுவதற்கே கடவுச்சீட்டு வேண்டும். புதுச்சேரி, கடலூர் இரண்டும் சென்னை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகத்தின்கீழ் வருகின்றன.

[திரையில்: பிரான்ஸ்-விசா இணையதள முகப்பு]

அடுத்தது, அட்டை இல்லாமலேயே பிரான்சுக்குத் திரும்பிச் செல்ல உதவும் திரும்பும் விசா. அட்டையின் ஒளிநகலைக் காட்டி விமானம் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் சென்னை விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவார்கள். உரிய ஆவணமில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்திற்கு ஐரோப்பாவில் பெருந்தொகை அபராதம் விதிக்கப்படுவதால், அவர்கள் இரக்கப்பட்டும் விடமாட்டார்கள். ஆகவே முதலில் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் இழப்பைத் தெரிவியுங்கள். பின்னர் பிரான்ஸ்-விசா இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, முன்பதிவு செய்த நாளில், விசா விண்ணப்பங்களைப் பெற்றுக்கொள்ளும் வி.எஃப்.எஸ். மையத்தில் ஒப்படைக்க வேண்டும். காவல்துறை அறிக்கை, கடவுச்சீட்டு, புகைப்படம், தொலைந்த அட்டையின் நகல், பிரான்சில் குடியிருப்பதைக் காட்டும் மின்கட்டண ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இந்தியாவுக்கு வந்தபோது கடவுச்சீட்டில் குத்தப்பட்ட முத்திரை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அட்டையின் நகல் இல்லை என்றால், பிரெஃபெக்சர் அனுப்பிய பழைய மின்னஞ்சல்களில் வெளிநாட்டவர் எண்ணைத் தேடி எடுங்கள். துணைத் தூதரகம் உங்கள் உரிமை செல்லுபடியாகிறதா என்று பிரான்சில் சரிபார்த்த பிறகே விசா தரும். இதற்கு நாள்கள் ஆகும். திரும்பும் பயணச்சீட்டின் தேதியை மாற்றும் வசதி உள்ளதா என்று அன்றைக்கே பாருங்கள், வேலை செய்யும் இடத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

விசாவை விரைவாக வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்கும் ஏஜென்டுகளிடம் தயவுசெய்து போகாதீர்கள். சரிபார்ப்பு நடப்பது பிரான்சில்; அதை இங்கிருக்கும் எந்த ஏஜென்டாலும் விரைவுபடுத்த முடியாது. உங்கள் ஆவணங்களின் நகல் இன்னொரு கைக்குப் போவதுதான் மிச்சம். பிரான்சில் வளரும் இந்தியக் கடவுச்சீட்டுள்ள பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு அரசு தரும் பயண ஆவணம் தொலைந்தாலும் வழி ஏறத்தாழ இதுதான்.

[திரையில்: பிரான்ஸ் சென்ற பிறகு]

திரும்பும் விசா உங்களை நாட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டுமே. பிரான்ஸ் சேர்ந்ததும் வெளிநாட்டவருக்கான பிரெஞ்சு அரசு இணையதளத்தில், தொலைந்ததற்கு மாற்றாகத் தரப்படும் நகல் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 6 மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்றும், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் எடுத்து எண் குறியீட்டோடு தரப்படும் புகைப்படமும், இங்கிருந்து கொண்டுபோன காவல்துறை அறிக்கையும் தேவைப்படும். கட்டணத்துக்கு அரசு முத்திரைவில்லை வாங்க வேண்டியிருக்கும். நகல் அட்டைக்கும் பழைய அட்டையின் காலாவதித் தேதியே தொடரும். அந்தத் தேதி நெருங்கிவிட்டிருந்தால், நகல் வாங்குவதைவிடப் புதுப்பிக்க விண்ணப்பிப்பதே பொருத்தம். அதற்கான காலம் காலாவதிக்கு 4 மாதத்துக்கு முன் தொடங்கி, 2 மாதத்துக்கு முன் முடிகிறது.

பேருந்து நடத்துநரோ சந்தைக் கடைக்காரரோ தொலைந்த அட்டையைக் கண்டெடுத்து, பின்னர் வீடு தேடிவந்து கொடுப்பதும் உண்டு. தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட அட்டையின் எண் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் அமைப்பில் ஏறியிருக்கக்கூடும் என்பதால், அதை எல்லையில் நீட்டினால் நீங்களே சந்தேகத்துக்கு உள்ளாவீர்கள். திரும்பும் விசாவிலேயே பயணம் செய்யுங்கள். கிடைத்த பழைய அட்டையை பிரெஃபெக்சரில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.