உலைக்கு முந்திய ஒரு பிடி

(சேகரத்தின், அதாவது ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின், ஸ்தோத்திரப் பண்டிகை மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்)

இக்கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் சேகரத் தலைவரான போதகர் ஐயரவர்களே, முன்னிலை வகிக்கும் சபை ஊழியர் அவர்களே, வரவேற்புரையில் எனக்குப் பொருந்தாத அடைமொழிகளையெல்லாம் தாராளமாக வழங்கிய சேகரச் செயலர் அவர்களே, நமது அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பக்கத்து ஊர்ப் பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் தலைவர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, விடியற்காலையிலிருந்து அசனம் என்னும் சபை விருந்துக்குக் காய் நறுக்கி, இலை போட்டு, இந்நேரம் வரை உட்காரவே வாய்ப்பில்லாமல் அலைந்த தாய்மார்களே, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

பேரூராட்சித் தலைவர் அவர்கள் இன்று அசனப் பந்தலுக்கு இரண்டு லாரி தண்ணீர் அனுப்பிவைத்ததைச் செயலர் சொல்ல மறந்துவிட்டார், நான் சொல்லிவிடுகிறேன். ஜமாஅத் தலைவர் அவர்கள் ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சியை நம் தெருக்களுக்கும் கொடுத்தனுப்புகிறவர் என்பது உங்களுக்கே தெரியும். பங்குத்தந்தை அவர்கள் தமது மாலைத் திருப்பலியை முன்கூட்டியே முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினீர்கள், எனக்கும் போர்த்தினீர்கள். அன்பை மறுக்கக் கூடாது என்பதால் வாங்கிக்கொண்டேன். அடுத்த ஆண்டு என்னை அழைப்பீர்களானால், பொன்னாடைக்குப் பதிலாக இரண்டு படி அரிசி கொடுங்கள். இது விளையாட்டுப் பேச்சு அல்ல என்பது போகப் போக உங்களுக்கு விளங்கும்.

‘அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம்’ என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. விசுவாசத்தை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். குடும்ப ஜெபம் நடக்கும் முன்னறை ஒன்று, நாம் சம்பளம் வாங்கும் வேலையிடம் இரண்டாவது, அடுக்களை மூன்றாவது. குடும்ப ஜெபத்தைப் பற்றி இந்தச் சபைக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. வீட்டுத் தலைவர் வெளியூரில் இருந்தாலும், பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாலும், பத்து நிமிடம் விளக்கின் முன் கூடி ஒரு சங்கீதத்தை வாசித்துப் படுக்கப் போகும் வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. வேலையிடத்தைப் பற்றிக் கையூட்டு, எடைக்குறைவு, வேலைக்காரரின் கூலியைப் பிடித்து வைத்தல் என்று சொல்ல நிறைய உண்டு. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். அடுக்களையை முதலில் எடுத்துக்கொள்ள அனுமதியுங்கள், ஏனென்றால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். என்னை அறிந்தவர்களுக்கு, எந்த மேடையிலும் இந்தப் பழமொழியை நான் விடுவதில்லை என்பது தெரியும். ஒரு வீட்டின் விசுவாசம் வெந்திருக்கிறதா, வேகவில்லையா என்பதை அறிய அந்த வீட்டாரின் ஜெபத்தை ஒளிந்திருந்து கேட்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் அரிசி எப்படி அளக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும்.

ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் ராஜ்யத்துக்கும் மன்னிப்புக்கும் நடுவில் அன்றன்றுள்ள ஆகாரம் நிற்கிறது. உயிர்த்தெழுந்த பின்னர் திபேரியாக் கடலோரத்தில் சீஷர்களை அவர் சந்தித்தபோது, கரிநெருப்பும் அதன்மேல் மீனும் அப்பமும் ஆயத்தமாக இருந்தன என்று யோவான் எழுதுகிறார். மரணத்தை ஜெயித்தவர் அங்கே முதலில் கேட்டது புசிக்கிறதற்கு ஏதாகிலும் உண்டா என்பதுதான். பரலோகத்தைப் பற்றி மட்டும் பேசி அடுக்களையைப் பெண்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகும் பிரசங்கிகள் இந்த அதிகாரத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

சாறிபாத் விதவையின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே அவளிடம் இருந்தன. இரண்டு விறகு பொறுக்கி, மகனுக்கும் தனக்கும் கடைசியாக ஓர் அடை சுட்டுச் சாப்பிட்டுவிட்டுச் சாவதற்கு ஆயத்தமாக இருந்தவளிடம், தீர்க்கதரிசி எலியா கூசாமல், முதலில் எனக்கு ஒரு சிறிய அடை சுட்டுக் கொண்டுவா, பிறகு உனக்கும் உன் மகனுக்கும் செய் என்கிறார். இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும், வர வேண்டும். ஆனால் தீர்க்கதரிசி மிச்சத்தைக் கேட்கவில்லை, முதல் பங்கைக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். கேட்கப்பட்டவள் இஸ்ரவேலைச் சேர்ந்தவளும் அல்ல, சீதோன் நாட்டுப் பெண் என்பதையும் கவனியுங்கள்.

இந்தச் சரித்திரத்தை நம் திருநெல்வேலிச் சீமையின் பெண்கள் தினந்தோறும் கையால் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பெயர் பிடி அரிசி. உலை கொதிக்கும்போது உழக்கால் அரிசியை அளந்து சுளகில் போட்டு, கல் பொறுக்கி முடித்ததும், களைவதற்கு முன் ஒரு பிடியைத் திரும்ப எடுத்து ஓலைக் கொட்டானில் போடுவார்கள். அளந்த அரிசியிலிருந்து எடுத்தார்கள் என்பதே இதன் சாரம். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி அள்ளிப் போட்டால் யாருடைய வயிற்றுக்கும் குறைவில்லை. அளந்ததிலிருந்து எடுத்தால் அன்று வீட்டார் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துச் சாப்பிட வேண்டும். கைப்பிள்ளைகூட அந்தக் காணிக்கையில் பங்காளியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கொட்டான்கள் ஆலயத்துக்கு வரும். வாசலில் ஆலயப் பணியாளரான கோயில் குட்டியார் சாக்கை விரித்துப் பிடிப்பார்.

மெஞ்ஞானபுரத்து ஆலயக் கோபுரம் 192 அடி உயரம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான். ஆனால் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா, நண்பர்களோடு சேர்ந்து 1903-இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று துணிந்து சொன்னபோது, அவர் நம்பி நின்ற சபை பெரும்பாலும் ஏழைகளின் சபை. அவர் 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. பின்னாளில் கிறிஸ்தவக் கொடுத்தலைப் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார் என்பதிலிருந்து, அவர் எதை முக்கியமாகக் கருதினார் என்று விளங்கும். மிசோரம் மலைகளில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதே பிடி அரிசியைத் தொடங்கினார்கள். அதன் பின் மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சலைத் தின்று தீர்த்த பஞ்சம் ஒரு தலைமுறைக்கு ஒரு முறை அங்கு வந்து போயிருக்கிறது; பிடி அரிசி நிற்கவில்லை. இன்று அந்த அரிசி ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகி ஊழியத்தைத் தாங்குகிறது. நம் அருகிலேயே காஞ்சிப் பெரியவர் தம் அடியாரிடம் கேட்டதும் பிடி அரிசிதான். ஆகையால் இது ஒரு மதத்தாரின் தனிச்சொத்து என்று நான் வாதாட வரவில்லை.

இங்கே என் ஆச்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேரிக்காட்டு ஓரம் அவர்கள் வீடு. தாத்தா பனையேறி. பதநீர்க் காலம் ஓய்ந்து கருப்பட்டியும் விற்றுத் தீர்ந்த பின், மழை மாதங்களில் வீட்டில் கை வறண்டுவிடும். அப்படி ஒரு நாள், அரிசிப் பானை காலி. அடுக்களை மூலையில் கொட்டான் மட்டும் முக்கால் நிறைந்திருந்தது. தாத்தா அதை ஒரு முறை பார்த்தார், வெளியே போனார், திரும்ப வந்து இன்னொரு முறை பார்த்தார். “ஏளா, அது கர்த்தர் அரிசிதான. கர்த்தர் நம்மளப் பட்டினி கிடக்கவா சொன்னாரு?” என்று கேட்டார். ஆச்சி, “எடுக்கக் கூடாது. ஆனா கடன் கேக்கலாம். கடன்னா முறையா கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, மூத்த மகனை, சபையைக் கவனித்துவந்த உபதேசியார் வீட்டுக்கு ஓட்டினார்கள்.

உபதேசியார் யாருக்கோ மரணப் படுக்கை ஜெபம் என்று எண்ணி, வேதப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்குச் சிரிப்பதா, கடிந்துகொள்வதா என்று புரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து லேவியராகமத்தைப் புரட்டினார், உபாகமத்தைப் புரட்டினார். கர்த்தரிடம் அரிசி கடன் வாங்குவதற்கு விதி எதுவும் அகப்படவில்லை. ஆசாரியருக்கு மட்டுமே உரிய சமுகத்தப்பத்தைத் தாவீது பசியில் வாங்கிச் சாப்பிட்ட இடம் கடைசியில் நினைவுக்கு வந்தது. “எடுத்துக்கோங்கம்மா, தப்பில்ல” என்றார். ஆச்சி விடவில்லை. “உபதேசியாரய்யா, எத்தன உழக்குன்னு நீங்க நின்னு பாத்துச் சொல்லணும்” என்று அவரை அடுக்களை வாசலில் நிறுத்தி, இரண்டு உழக்கு அளந்து, சுவரில் கரியால் இரண்டு கோடு கிழித்தார்கள். அளந்த இரண்டு உழக்கைச் சுளகில் போட்டுப் புடைத்து, களையப் போகும் முன் என்ன செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து மறுபடியும் கொட்டானில் போட்டார்கள்! உபதேசியார் வேதத்தை மூடிவிட்டுச் சாப்பிடவும் நிற்காமல் போய்விட்டாராம்.

அதோடு முடியவில்லை. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கொண்டுவந்த பிடி அரிசி ஏலத்துக்கு வந்தபோது, விலை குறைவாயிருக்கிறதே என்று தாத்தா கடன் சொல்லி நான்கு படி எடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து உலையில் போட்டால் ஒரே அமர்க்களம். ஒரு வீட்டுப் புழுங்கலரிசி, ஒரு வீட்டுப் பச்சரிசி, ஒரு வீட்டுச் சிவப்புச் சம்பா, வசதியுள்ள யாரோ போட்ட பழைய அரிசி எல்லாம் ஒன்றாய்க் கிடந்தால் என்ன ஆகும்? பாதி குழைந்தது, பாதி விதை விதையாய் நின்றது. தாத்தா அகப்பையில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு பானச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு எவன் சொன்னான்?” என்று கத்தினார். ஆச்சி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, “இந்தப் பானைல ஊரே வேகுது. ஊரு ஒரே நேரத்துலயா வேகும்? இருங்க” என்றார்கள்.

என் பழமொழிக்கு இப்படி ஒரு பதில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் வேதசாஸ்திரம் படித்தவர் அல்ல. ஒரு வீட்டுக்கு ஒரு சோறு பதம். சபைக்கு அது பொருந்தாது. சபையில் சீக்கிரம் வெந்துவிட்டவர்கள் வேகாதவர்களுக்காகப் பானையிலேயே காத்திருக்க வேண்டும்.

இன்று கொட்டான் எங்கே? பல சேகரங்களில் அரிசிக்குப் பதில் உறை வந்தது. உறைக்குப் பதில் ஆலய வாசலில் ஒட்டிய க்யூஆர் அட்டை வந்தது. வசதிதான். கைபேசியில் நூறு ரூபாய் அனுப்புகிறவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நூறு ரூபாய் அன்றைய சாப்பாட்டிலிருந்து குறையவில்லை. அதை அனுப்பியது அப்பா மட்டும், பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்னும் பிடி அரிசி எடுக்கும் சபைகளிலோ அது ஏலத்தில் பணமாகி, பொதுக் கணக்கில் சேர்ந்து, பிரதிஷ்டைப் பண்டிகையின் சீரியல் பல்பாக எரிந்து அணைகிறது. பசித்தவனுக்கென்று அடுக்களையில் எடுத்ததை விளக்கு அலங்காரத்துக்குச் செலவிட நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நான் ஊர் ஊராகச் சொல்லிவருவது ஒன்றே. பிடி அரிசியை மீட்டெடுங்கள், மீட்டெடுத்ததை ஏலம் விடாதீர்கள், சமையுங்கள். ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி இலவசமாகக் கிடைக்கிறதே, இனி யாருக்கு இந்த அரிசி என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நம் தெருக்களில் பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டில் தனியாய்க் கிடக்கும் முதியவர்களிடம் போய்ப் பாருங்கள். அரிசி மூட்டை மூலையில் இருக்கும். குக்கரைத் தூக்கிக் கஞ்சி வடிக்க மணிக்கட்டில் வலு இருக்காது. காலையில் ஒரு பன்னும் கடுங்காப்பியும், ராத்திரிக்கு மீதிப் பன். அவர்களுக்குக் குறைவாயிருப்பது வெந்த சோறும், அதைக் கொண்டுவந்து திண்ணையில் கால் நாழிகை உட்காருகிற ஒரு மனிதமுகமும்.

கணக்கு எளிது. ஒரு பிடியை 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு வேளை எடுத்தால் ஒரு வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ; நூறு வீட்டுக்கு 150 கிலோ. தினம் ஐந்து கிலோ உலையில் போடலாம். முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு தாராளம். அசனத்துக்கு வாங்கிய வட்டகையும் அண்டாவும் ஆண்டில் ஒரு நாள் போக மற்ற நாளெல்லாம் ஸ்டோர் அறையில் கவிழ்ந்து கிடக்கின்றன. அவை எல்லா மதத்தாரின் தெருக்களுக்கும் பயன்பட வேண்டும். சாறிபாத்தாள் எந்தச் சபையைச் சேர்ந்தவள் என்று எலியா கேட்டுவிட்டு வரவில்லை.

தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. அந்தப் பழமொழியும் பெரியவர்கள் சொன்னதுதான். கடன் வாங்கித் தானம் செய்து பிள்ளைகளைத் தெருவில் விடாதே என்பதற்குச் சொன்னது. ஆனால் இந்நாளில் அதைச் சொல்கிறவர்களுக்கு எவ்வளவு வந்தும் மிஞ்சுவதில்லை. என் பழமொழியை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

ஐயரவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். வேலையிடத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். அதை இன்னொரு பண்டிகைக்கு வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு விண்ணப்பம் மட்டும். அடுத்த சேகரக் கமிட்டியில் பிடி அரிசிக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட ஐயரவர்கள் இசைய வேண்டும்; பேரூராட்சித் தலைவர் அவர்கள் சமையல் கூடத்துக்கு ஒரு குழாய் இணைப்புத் தர வேண்டும்; பங்குத்தந்தையும் ஜமாஅத் தலைவரும் தங்கள் தெருக்களில் தனியாயிருக்கும் முதியவர்களின் பெயர்களைத் தர வேண்டும். பெயர்களை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்திருக்கிறேன். முதல் பக்கத்தில் ஆலயத்தின் வடக்குத் தெருவில் இருக்கும் நான்கு பேரை நானே எழுதிவிட்டேன். மேடையிலிருந்து இறங்கியதும் அதைச் சங்கத் தலைவி அம்மாவிடம் ஒப்படைக்கிறேன். தெற்குத் தெருக்காரர்கள் வீட்டுக்குப் போகுமுன் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி; வணக்கம்.