பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்கள் பல, மலாக்கா நீரிணை வழியாக வடக்கே வந்து மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு பகல் நிற்கின்றன. நம்மவர்களும் இப்போது நிறையப் பேர் அவற்றில் போகிறார்கள். பினாங்கு எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். மலை ரயிலுக்கு வரிசையில் நின்றோம், பேருந்தில் சுற்றினோம், அதற்குள் நேரமாகிவிட்டது என்பார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது பொறுக்காது. கப்பல் கட்டும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே இருக்கிறது. கப்பலில் வருகிறவர்களுக்காகவே உண்டான ஊர் அது. அதை விட்டுவிட்டு ஏன் பேருந்து ஏற வேண்டும்?

துறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு மணிக்கூண்டு தெரியும். விக்டோரியா மகாராணி பட்டமேறி 60 ஆண்டு ஆனதற்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது. பணம் போட்டவர் ஒரு சீனச் செல்வந்தர். சற்று நின்று பார்த்தால் கோபுரம் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டுகளின் வேலை. அதற்கு முந்தைய போரையும் இந்தத் துறைமுகம் பார்த்திருக்கிறது. 1914 செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனை நமக்குத் தெரியுமல்லவா? அடுத்த மாதமே அது பொய்யாக ஒரு புகைபோக்கியை மாட்டிக்கொண்டு, வேறு கப்பல்போல வேஷம் போட்டு, விடியும் நேரத்தில் இங்கே நுழைந்தது. நங்கூரமிட்டு நின்ற ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கை மூழ்கடித்தது. வெளியேறும்போது ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் முடித்துவிட்டுப் போனது.

எதிரே இருப்பது கார்ன்வாலிஸ் கோட்டை. 1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனை. சயாமியர், அதாவது தாய்லாந்துக்காரர், படையெடுத்தால் கம்பெனி துணைக்கு வரும் என்று நம்பித்தான், எதிர்க்கரையில் இருந்த கெடா நாட்டின் சுல்தான் தீவைக் கொடுத்தார். கம்பெனி அந்தத் துணையைத் தரவில்லை. 1791-இல் சுல்தான் தீவை மீட்கப் பார்த்தார், தோற்றார். கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி தரும் என்று பேசி முடித்துவிட்டார்கள். கோட்டைக்குள் பெரிதாக ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

லைட் செய்த காரியத்தில் ஊருக்கு உதவியது வேறு. வருகிற சரக்குக்குச் சுங்கம் கிடையாது என்றார்; காட்டை வெட்டியவனுக்கு அந்த நிலம் என்றார். சீனர், சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர், சுமத்ராவின் அச்சேக்காரர், ஆர்மீனியர் என்று ஆட்கள் வந்து குவிந்தார்கள். வந்தவர்கள் முதலில் தத்தம் சாமிக்கு இடம் பிடித்தார்கள். பழைய பிட் தெருவில் நடந்தால் இது கண்ணுக்குத் தெரியும். இப்போது அதற்குக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர். ஒரு முனையில் 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்சம் தள்ளி, ஊதுவத்திப் புகை மண்டிய குவான் யின் கோயில். அடுத்த தெருவுக்குத் திரும்பினால் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயில். பழைய பிட் தெருவின் கோடியில், கம்பெனி கொடுத்த நிலத்தில் 1801-இல் தொடங்கிய பள்ளிவாசல். எல்லாம் பத்து நிமிட நடைக்குள். சூலியா தெரு மூலையில் நாகூர் தர்காவும் உண்டு. நாகூர் ஆண்டவருக்கு நம் கடற்கரை மாலுமிகளும் வணிகரும் எழுப்பிய நினைவிடம். தேடிப் போகாவிட்டால் தவறிப்போகும், அவ்வளவு சிறியது.

வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. மதியம் மண்டையைப் பிளக்கும். ஆனால் பழைய கடைவீடுகளின் முன்னால் நம் ஊர்த் திண்ணைகளை வரிசையாக இணைத்ததுபோல, மேலே கூரையுடன் ஒரு நடைபாதை ஓடுகிறது. ஐந்தடிப் பாதை என்பார்கள். நிழலிலேயே பாதி ஊரைக் கடக்கலாம், நடுவில் எவராவது ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருக்காவிட்டால்!

இந்தக் கடைவீடுகள் தப்பியதற்குப் பெரிய காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகை ஏறாதபோது இடித்துக் கட்டுவதில் லாபமில்லை. 2000-இல் அந்தக் காப்பு போய்விட்டது. பழைய குடிகள் பலர் வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடம் நின்றது, உள்ளே இருந்த தட்டானும் கூடை பின்னுகிறவரும் பல இடங்களில் போய், காபிக் கடை வந்துவிட்டது. 2012-இல் ஒரு லிதுவேனிய ஓவியர் சுவர்களில் வரைந்த படங்கள் ஆர்மீனியன் தெருவில் இருக்கின்றன. சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள் படத்தோடு செல்ஃபி எடுக்கக் கூட்டம் நிற்கும். எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்.

சியூ ஜெட்டியில் மட்டும் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும். கடலுக்குள் கால் ஊன்றிய மர வீடுகள். சியூ என்ற ஒரே குடும்பப் பெயர் கொண்ட சீனர்கள் தலைமுறையாக அங்கே வாழ்கிறார்கள். அது கண்காட்சி இல்லை. திறந்த கதவு வழியாகக் கேமராவை நீட்டுவது அழகல்ல.

நம் ஆட்களுக்கும் இந்தத் துறைமுகத்துக்கும் உள்ள பழக்கம் இன்று நேற்றல்ல. ரஜூலா கப்பலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-இல் கட்டியது, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து வந்தவர்களுக்குப் பினாங்கு சுற்றிப் பார்க்கும் இடமாக இல்லை, பிழைக்க வந்த இடம். நோய் இருக்கிறதா என்று பார்க்க பக்கத்து ஜெரஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டவர்களும் உண்டு. இன்று நாம் ஓர் அட்டையை நீட்டி இறங்கிவிடுகிறோம்.

அப்புறம், முக்கியமான விஷயம். கப்பலில் காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இறங்காதீர்கள். காசு கொடுத்தாயிற்றே என்று உட்கார்ந்து ஒரு கை பார்த்துவிட்டு வந்தால், ஊரில் ஒரு வாய் இறங்காது. பினாங்கின் சாப்பாடு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுத்தடி வைத்து, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் துறைமுகக் கூலிகளுக்குக் கொண்டு போய் விற்றதிலிருந்து வந்தது. சோற்றின் மேல் இரண்டு மூன்று குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். தனித்தனிக் கிண்ணம் கேட்காதீர்கள், கலப்பதில்தான் ருசி. 'பஞ்சிர்' என்று சொன்னால் சோறு மிதக்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். கடைக்காரர் பல இடங்களில் தமிழிலேயே பேசுவார். ராமநாதபுரம் பக்கமா என்று கேட்டால் இன்னொரு கரண்டி விழலாம். மீன், இறால், கணவாய் எடுப்பதற்கு முன் விலையைக் கேட்டுவிடுங்கள், அவை எல்லாக் கடையிலும் ஒரே விலை இல்லை.

கடைசியாக, தைப்பூசத்தன்று கப்பல் நின்றால் அது அதிர்ஷ்டம். நகரத்தார் வெள்ளி ரதம் ஊருக்குள்ளிருந்து முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்கு முதல் நாளே புறப்பட்டுப் போயிருக்கும். காவடி கூட்டத்தில் சாலைகள் அடைபடும், டாக்சி கிடைக்காது. கப்பல் யாருக்காகவும் நிற்காது. அன்றைக்கு மட்டும், ஏறச் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறையை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுங்கள். வணக்கம்.