போர்க்களத்தில் வீரர்கள் தேடி அலைந்தது ஒரு காலி கேனை!

[திரையில்: மணலில் கிடக்கும் ஒரு கேன்]

எதிரி முகாம் பிடிபட்டதும் ஒரு சிப்பாய் எதை முதலில் தேடுவான்? துப்பாக்கியா, பீரங்கியா? இரண்டாம் உலகப்போரில், 1941-ல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் ஆசைப்பட்டு எடுத்தது ஜெர்மானியர்களின் பெட்ரோல் கேனை!

பின்னணி சுருக்கமாக: லிபியா, எகிப்து. ஒரு பக்கம் ஜெர்மன் தளபதி ரோமலின் ஜெர்மன், இத்தாலியப் படை. எதிரே பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியப் படைகள். பெட்ரோல் பெரும்பாலும் லாரியில்தான் வரவேண்டும்.

பிரிட்டிஷார் அதை 4 கேலன் (சுமார் 18 லிட்டர்) தகர டின்னில் அடைத்தார்கள். நம் ஊர் எண்ணெய் டின் மாதிரி சதுரமானது, மெல்லிய தகடு. லாரி குலுங்கினால் மூட்டு விட்டு ஒழுகும். வழியிலேயே 30 சதவீதம் வீணாவதாக அவர்களின் தளபதி ஆக்கின்லெக் கணக்கிட்டார். பத்து டின்னுக்கு மூன்று!

சரி, இப்போது ஜெர்மன் கேனைப் பாருங்கள். 20 லிட்டர். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் கைப்பிடி. ஒன்றல்ல, மூன்று! நடுப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரப் பிடிகளைப் பிடித்தால் நிரம்பிய கேனை இருவர் சுமக்கலாம். காலி கேன்கள் என்றால் ஒரே ஆள் கைக்கு இரண்டாக நான்கு கொண்டுபோவார். பக்கவாட்டில் பெருக்கல் குறி போல ஒரு பள்ளம் தெரிகிறதா? அது தகட்டுக்கு வலுக் கொடுக்கும். வெயிலில் பெட்ரோல் விரிந்தாலும் தாங்கும். மூடி தனியாகக் கழன்று தொலையாது, நெம்புகோலை அழுத்தினால் இறுக மூடிக்கொள்ளும். உள்ளே காற்றுக்கு இடம் இருப்பதால் நிரப்பிய கேன்கூடத் தண்ணீரில் மிதக்கும். வெள்ளைச் சிலுவைக் குறி போட்டிருந்தால் அது குடிநீர்க் கேன். ஒரு கேனுக்குள் இவ்வளவு யோசனை!

ஜெர்மானியரை பிரிட்டிஷ் வீரர்கள் 'ஜெர்ரி' என்பார்கள். அதனால் இது ஜெர்ரி கேன். பிறகு பிரிட்டனே இதை அப்படியே பார்த்துச் செய்தது.

எதிர்ப்பக்கமும் சும்மா இல்லை. ரோமலின் தொப்பியில் இருக்கும் அந்தப் பிரபலமான தூசித் தடுப்புக் கண்ணாடி, பிரிட்டிஷாரிடம் கைப்பற்றியது. இந்தப் பக்கம், லிபியத் துறைமுகமான டோப்ருக்கில் ஆஸ்திரேலியர்கள் இத்தாலிய டாங்கிகளைப் பிடித்து, வெள்ளைக் கங்காரு வரைந்து ஓட்டினார்கள்.

அப்புறம் அந்த ஒழுகல் டின் என்ன ஆனது? பாதியாக வெட்டி, மணல் நிரப்பி, பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தார்கள். அடுப்பு ரெடி! லிபிய நகரின் பெயரில் 'பெங்காசி பர்னர்' என்று பெயர். அதன் மேல் டீ கொதித்தது.

உங்கள் வீட்டில் பழைய டின் எதுவாக மாறியிருக்கிறது? கமென்ட்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிக்கிறேன்.