பள்ளிக்கூடமே! பினாங்குப் பட்டிமன்றத்தில் ஓர் ஆசிரியையின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்திருக்கும் பினாங்கு மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

'நம் பிள்ளைகளிடம் கலையை வளர்ப்பவை கலைக்கூடங்களா, பள்ளிக்கூடங்களா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடங்களே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சிலப்பதிகாரத்து மாதவியில் தொடங்கினார். அரங்கேற்று காதையை அவர் சொன்ன அழகுக்கு நானும் கைதட்டினேன். ஐந்து வயதில் தொடங்கி, ஏழு ஆண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் சோழன் முன்னால் ஆடினாள். ஆடலாசான், இசையாசிரியன், பாட்டு எழுதப் புலவன், தண்ணுமைக்கு ஒருவர், குழலுக்கு ஒருவர், யாழுக்கு ஒருவர். சரி, இத்தனை பேரும் எத்தனை பிள்ளைகளுக்காக நின்றார்கள்? ஒரே ஒரு சிறுமிக்காக! அதே புகார் நகரில் உப்பு விற்றவளுக்கும் ஒரு மகள் இருந்திருப்பாள். அவள் காலிலும் தாளம் இருந்திருக்கும். அந்த ஆடலாசான் அவள் வீட்டுப் பக்கம் போயிருப்பாரா? எங்கள் அணி அந்த உப்புக்காரி மகளுக்காகப் பேசுகிறது, ஐயா.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். நான் தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேருமே பால்மரம் வெட்டினார்கள். நடனம் கற்க வேண்டுமானால் பேருந்து ஏறி பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து ஃபெரி பிடித்து ஜார்ஜ்டவுனுக்கு வர வேண்டும். யார் அழைத்துப் போவது? கட்டணம் யார் கட்டுவது? தோட்டத்தில் கலையே இல்லை என்று சொல்லமாட்டேன். கோயில் திருவிழாவில் உறுமி முழங்கும், காமன் கூத்து நடக்கும். பெண்பிள்ளைகள் நாங்கள் தள்ளி நின்று பார்க்கலாம். உறுமியை எங்கள் கையில் தரமாட்டார்கள்.

என் கையில் முதன்முதலாக ஓர் இசைக்கருவியைக் கொடுத்தது பள்ளிக்கூடம். 1983இல் மலேசியத் தொடக்கப்பள்ளிகளுக்கு கே.பி.எஸ்.ஆர். என்ற புதிய பாடத்திட்டம் வந்தபோது இசையும் ஒரு பாடமானது. நான் நாலாம் ஆண்டுக்கு வந்தபோது எங்கள் ஆசிரியர் ஒரு பெட்டி நிறைய ரெக்கோர்டர் குழல்களோடு வகுப்புக்குள் நுழைந்தார். எல்லாம் பிளாஸ்டிக். எல்லாருக்கும் போதாது. ஒருவர் வாசித்து முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி அடுத்தவருக்குக் கொடுப்பார். இடக்கையின் மூன்று விரல்களால் மூன்று சுரம், அந்த மூன்றுக்குள் அடங்கும் சின்னப் பாட்டு. அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஐயா. உனக்கு இசையில் ஆர்வம் இருக்கிறதா, உன் அப்பா என்ன வேலை, வீட்டில் யாராவது பாடுவார்களா என்று எதுவும் கேட்கவில்லை. வரிசையில் என் முறை வந்தது, குழலைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

எதிரணியினரே, உங்கள் கலைக்கூடத்தின் வாசலுக்கு வருகிற பிள்ளைக்கு ஏற்கெனவே ஆசை இருக்கிறது. அழைத்து வர அம்மா இருக்கிறார், சலங்கை வாங்கப் பணம் இருக்கிறது. ஆசையே இன்னும் பிறக்காத பிள்ளையை நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்? அவன் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.

அப்படி ஒருவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் ஆண்டு மாணவன். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்கமாட்டான். காட்சிக்கலைக் கல்வியில் 'பாரம்பரியக் கைவினையை அறிதல்' என்று ஒரு பகுதி உண்டு. பாத்திக், வாவ் பட்டம், பின்னல் வேலை என்று வரும். அதில் வாயாங் கூலிட் என்ற நிழற்பாவைக் கூத்துக்குப் பாவை செய்தோம். மணிலா அட்டையை வெட்டி, கண்ணுக்கும் கிரீடத்துக்கும் துளை போட்டு, சாத்தே குச்சியை ஒட்டினோம். வகுப்பில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் பின்னால் டார்ச் லைட் வைத்தோம். பாவையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும், திரையோடு ஒட்டினால் சிறியதாகிக் கூர்மையாகும். இதை நான் சொல்லித்தரவில்லை. அவன்தான் கண்டுபிடித்தான். அனுமாரை எடுத்தான், விளக்கருகே கொண்டுபோய் வேட்டி முழுக்க நிறைத்தான், "நான் இலங்கைக்குப் போறேன்!" என்று கத்தினான். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதுவரை அவன் குரலை நாங்கள் யாரும் சரியாகக் கேட்டதில்லை. அப்புறம் பாவைக்கு வசனம் வேண்டும் என்பதற்காகவே எழுதினான். எழுதியதைத் திரைக்குப் பின்னால் நின்று வாசித்தான்.

இன்னொன்றும் பாருங்கள். கிளந்தான் மாநில வாயாங் கூலிட்டின் அடிப்படைக் கதை ராமன் கதைதான். பாவைகளை ஆட்டிக் கதை சொல்லும் மலாய்க்கார தோக் டாலாங் ஒருவர் தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கதையைத் தம் மொழியில், பாக் டோகோல், வாக் லோங் என்ற இரண்டு வேடிக்கைக்காரர்களையும் சேர்த்து நடத்துகிறார். தமிழ்ப் பிள்ளைக்கு இது எங்கே தெரியவரும்? பரத வகுப்பில் பரதம் சொல்லித்தருவார்கள், வீணை வகுப்பில் வீணை. பக்கத்து வீட்டுக்காரரின் கலையையும் தொட்டுப் பார்க்க வைப்பது பள்ளிக்கூடத்துக் கால அட்டவணைதான்.

நம் நாட்டு நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிமையும் சொன்னீர்கள். அவரை வணங்குகிறேன். ஆஸ்திரேலியாவில் பொறியியல் படித்து, அடையாறு லட்சுமணனிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்று, 1983இல் சூத்ரா நடன அமைப்பைத் தொடங்கிய மனிதர். 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைக்கூடமும் இந்த நாட்டுக்குக் கிடைத்த வரம். மறுக்கவே மாட்டேன். ஆனால் கடல் தாண்டிப் போய்த் தன் குருவைத் தேடிக்கொள்கிற துணிவு ஆயிரத்தில் ஒருவருக்கு வரும். மீதிப் பேரை அப்படியே விட்டுவிடலாமா?

அடுத்துப் பேசிய தங்கை கோபமாகவே கேட்டார்: "பள்ளியில் ஓவியப் பாட வேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்கிறார்களே, அதுவா கலை வளர்ப்பு?" நியாயமான கோபம், தங்கச்சி. எனக்கும் அதே கோபம் உண்டு. யு.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு இருந்த காலத்தில் பல இடங்களில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வண்ணப் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் பயிற்சித் தாள்களோடு உட்கார்ந்தார்கள். 2021இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வும் போனது. இனிச் சாக்கு இல்லை. அதோடு இதையும் யோசியுங்கள்: அட்டவணையில் இருப்பதால்தானே அந்தப் பாட வேளை பறிபோனது என்று நம்மால் கேட்க முடிகிறது? பிள்ளைக்கு உரிமையாக எழுதிக் கொடுத்த நேரம் அது. கலைக்கூடம் கட்டணத்தை உயர்த்தினாலோ கதவை மூடினாலோ நாம் யாரிடம் போய் நிற்போம்?

பினாங்கில் நின்று இதைப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்துதான் இந்த நாட்டின் தமிழ்க் கல்வியைக் கணக்கிட்டு, 2016இல் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அத்தனை காலமும் ஏழை வீட்டுப் பிள்ளையைக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட கதவு பள்ளிக்கூடத்தின் கதவு.

மணி அடித்துவிட்டீர்கள், ஐயா. முடித்துக்கொள்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் ஒரு கோரிக்கை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், தேர்ச்சி விகிதம் பேசி முடித்த பிறகு, யாராவது ஒருவர் எழுந்து கேளுங்கள்: "இந்த வாரம் இசை வகுப்பிலும் காட்சிக்கலை வகுப்பிலும் பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" என் பள்ளியில் கேட்டால் பதில் சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.